மெஸ்ஸியைப் பார்க்க கத்தார் போனேன், 36 மாசம் இஎம்ஐ கட்டினேன்: ஃபுட்பால் ட்ரிப்புக்கு ஒரு கணக்கு



போன நவம்பர்ல என்னோட ஒரு பர்சனல் லோன் முடிஞ்சது. மொத்தம் 36 இஎம்ஐ. அந்தக் கடன்ல நான் பைக் வாங்கல, படிக்கல, யாருக்கும் வைத்தியம் பார்க்கல. 2022-ல கத்தார் போய் அர்ஜென்டினா ஆடுன ஒரு மேட்ச் பார்த்துட்டு வந்தேன். அவ்வளவுதான். 2026 உலகக் கோப்பை ஜூன் 11-ல ஆரம்பிக்குது. "அண்ணே, லோன் போட்டாவது போயிடலாமா?"ன்னு கேக்குறவங்க அதிகமாயிட்டாங்க. அதனால என் கணக்கை அப்படியே திறந்து வைக்கிறேன். நீங்க பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "ஃபுட்பாலுக்காக வெளிநாடா? வெட்டிச் செலவு"ன்னு சொல்ற ஆள் நான் இல்லை. போனதுக்காக நான் வருத்தப்படல. எந்தக் காசுல போனேன்ங்கிறதுதான் இன்னிக்கும் உறுத்துது.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடும்பாறை. தேனிக்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன்: கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டி வருசநாடு போற ரோட்டுல, மூல வைகை ஓரமா இருக்கிற ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் இலவ மரம். எங்க பக்கம் கபடியும் கிரிக்கெட்டும்தான். எனக்கு ஃபுட்பால் கிறுக்கு பிடிச்சது காலேஜ் ஹாஸ்டல்ல. கூட இருந்தவங்க பாதிப் பேர் கேரளா. 2014 ஃபைனல்ல 113-வது நிமிஷம் கோட்ஸே கோல் போட்டப்ப, விடியக்காலை மூணு மணி போல, ஹாஸ்டல் வராண்டாவுல உட்கார்ந்து அழுத ஆள் நான். 2022-ல கோழிக்கோடு பக்கம் புல்லாவூர்ல ஆத்துக்கு நடுவுல மெஸ்ஸி கட்அவுட் வச்சாங்களே, ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்துச்சே, அந்த போட்டோவைப் பார்த்த அன்னிக்கு ராத்திரிதான் லோன் ஆப்பைத் திறந்தேன். மெஸ்ஸிக்கு அது கடைசி உலகக் கோப்பைன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. "இப்ப விட்டா எப்ப?" இந்த ஒரு கேள்வி போதும், மாசம் 28,000 சம்பளக்காரனைக் கவுத்துடும்.

செலவு எங்க போச்சு

நான் பார்த்தது 2022 நவம்பர் 26, லுசைல் ஸ்டேடியம், அர்ஜென்டினா - மெக்சிகோ. முதல் மேட்ச்ல சவூதிகிட்ட 1-2 தோத்துட்டு வந்திருந்தாங்க. இதுலயும் தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். 64-வது நிமிஷம் மெஸ்ஸி, 87-ல என்ஸோ ஃபெர்னாண்டஸ், 2-0. அன்னிக்கு ஸ்டேடியத்துல இருந்தவங்க 88,966 பேர்னு அறிவிச்சாங்க. அதுல மயிலாடும்பாறைக்காரன் ஒருத்தன். அந்த 64-வது நிமிஷத்தை எழுத எனக்கு வராது, விடுங்க. கணக்குக்கு வருவோம்.

வெளிநாட்டு ரசிகர்களுக்கு லீக் மேட்ச்ல குறைஞ்ச விலை டிக்கெட் மூணாவது கேட்டகிரி, 250 ரியால். அப்ப நம்ம காசுக்கு 5,600 ரூபாய் போல. கத்தார்ல குடியிருக்கிறவங்களுக்கு மட்டும் 40 ரியால் டிக்கெட் தனியா இருந்தது. நான் ரெண்டு மேட்ச் எடுத்தேன், 11,200. கோயம்புத்தூர்ல வேலைங்கிறதால கொச்சியில ஃப்ளைட் ஏறினேன். போக வர 46,000. உலகக் கோப்பை நேரம், சாதாரண நாள்ல அவ்வளவு வராது. ரசிகர்களுக்குன்னே கட்டின ஃபேன் வில்லேஜ் கேபின்ல மூணு ராத்திரி, ராத்திரிக்கு 200 டாலர்னு 49,200. ஜெர்சி 8,500. சாப்பாடு, சிம், கூட வேலை பாக்குறவங்களுக்கு பேரீச்சம்பழம்னு 21,000. கொச்சி போய் வர்றது, டிராவல் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 4,500. கிரெடிட் கார்டுல வெளிநாட்டு கரன்சியில தேய்ச்சதுக்கு மார்க்அப் கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட 3,500.

கூட்டினா 1,44,000 ரூபாய் வருது. இதுல டிக்கெட்டோட பங்கைப் பாருங்க. நூத்துக்கு எட்டு ரூபாய்கூட இல்லை! நாம எல்லாரும் "டிக்கெட் எவ்வளவு?"ன்னுதான் முதல்ல கேக்குறோம். காசைத் தின்னது ஃப்ளைட்டும் ராத்தங்கலும். ரெண்டும் சேர்ந்து மூணுல ரெண்டு பங்கு. உள்ளூர்ல சுத்துன செலவு ஒண்ணுமே இல்லை, ஹய்யா கார்டு வச்சிருந்தா மெட்ரோ இலவசம்.

அந்த ராத்தங்கல் 49,200 இருக்கே, அது முழுக்க என் பொய்க்கான விலை. வீட்டுல "பெங்களூர்ல ட்ரெய்னிங்"னு சொல்லிட்டுக் கிளம்பினேன். நம்ம பக்கத்து ஆளுங்க வளைகுடாவுல எத்தனை பேர் இருக்காங்க! யாரையாவது கேட்டிருந்தா ரூம்ல ஒரு பாய் போட இடம் கொடுத்திருப்பாங்க. தெரிஞ்சவங்க வீட்டுல தங்கறதா பதிஞ்சுக்கிற வழியும் அப்ப இருந்தது. ஆனா கேட்டா ஊருக்குச் செய்தி போயிடுமே. மேட்ச் முடிஞ்சு மெட்ரோ வரிசையில நிக்கும்போது போன்ல நான் பேசுன பேச்சைக் கேட்டுட்டு ஒருத்தர் திரும்பினார். "தம்பி, நீங்க தேனிப் பக்கமா?" வருசநாட்டுக்காரர், அங்க எலக்ட்ரீசியன். அடுத்த ரெண்டு ராத்திரி அவர் ரூம்லதான். "முன்னாடியே சொல்லியிருந்தா அந்த டப்பாவுக்கு ஏம்ப்பா இவ்வளவு அழுதுருக்கணும்?"னு கேட்டார். பிரியத்துல என்கூட ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ்லயும் போட்டார். நான் ஊர் வந்து சேர்றதுக்குள்ள அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. திட்டல. "நல்லா பார்த்தியா?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

கடனோட கணக்கு

ப்ராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் வாங்கினேன். வட்டி வருஷத்துக்கு 16 சதவீதம், 36 மாசம். இஎம்ஐ 5,274. மொத்தம் கட்டினது 1,89,850 போல. வட்டி மட்டும் ஏறக்குறைய 40,000.

அதே ட்ரிப்புக்கு, அதே 36 மாசம், முன்கூட்டியே சேர்த்திருந்தா? 6.5 சதவீத வட்டி கொடுக்கிற பேங்க் ஆர்டியில மாசம் 3,770 போட்டா மூணு வருஷத்துல ஒன்றரை லட்சம் வந்துடும். என் கையிலிருந்து போறது 1,35,720. மீதியை வட்டி போடும். (வட்டிக்கு வரி உண்டு, உங்க ஸ்லாபைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும்.)

அதாவது அதே சீட், அதே மேட்ச், அதே 64-வது நிமிஷம். முன்னாடி சேர்த்தா 1.36 லட்சம், பின்னாடி கட்டினா 1.90 லட்சம். வித்தியாசம் 54,000. கொச்சிக்கும் தோஹாவுக்கும் இன்னொரு தடவை போயிட்டே வந்திருக்கலாம்.

ஆனா உண்மையான நஷ்டம் இந்த 54,000 இல்லை. அது 2024 ஏப்ரல்ல வந்தது. ஒரு ராத்திரி அப்பா கூப்பிட்டார். "போர்ல தண்ணி விட்டுப்போச்சு தம்பி. வேற போட்டாத்தான் தென்னையைக் காப்பாத்தலாம்." புது போர், மோட்டார், பைப் எல்லாம் சேர்த்து 1,80,000 ஆகும்னாங்க. என்கிட்ட சேமிப்புன்னு ஒண்ணும் இல்லை. அப்ப சம்பளம் 34,000. வாடகை, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்பறது போக மாசக் கடைசியில கையில நிக்கிறது ஒண்ணு ரெண்டாயிரம். ஏற்கனவே லோன் ஓடுது, அடுத்த லோனுக்கு முயற்சி பண்ணினா வட்டி இன்னும் கூட. கடைசியில அம்மாவோட மூணு பவுன் செயின் அடகுக்குப் போச்சு. 1,20,000 கிடைச்சது. மீதியை மாமா கொடுத்தார். "நீ ஒண்ணும் யோசிக்காத, பார்த்துக்கலாம்"னு அம்மா சொன்னாங்க. அந்த மாசமும் 5-ம் தேதி என் அக்கவுண்ட்லேர்ந்து 5,274 கத்தாருக்காகக் கழிஞ்சது.

லோன் எடுக்கும்போது "மாசம் அஞ்சாயிரம்தானே, சமாளிச்சுக்கலாம்"னு நினைப்போம். சமாளிக்கலாம், எல்லாம் ஒழுங்கா ஓடுற வரைக்கும். அடுத்த மூணு வருஷத்துல வீட்டுல என்ன வரும்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்? ஆர்டி போட்டிருந்து போர் வத்தியிருந்தா, ஆர்டியை உடைச்சிருப்பேன், மேட்ச் போயிருக்கும், செயின் கழுத்துல இருந்திருக்கும். லோனை அப்படி உடைக்க முடியாது.

கொல்கத்தாவுல ஒரு தம்பதி

இப்படித்தான் போகணும்னு காட்டின ரெண்டு பேர் நம்ம நாட்டுலயே இருந்தாங்க. கொல்கத்தா கிதர்பூரைச் சேர்ந்த பன்னாலால் சாட்டர்ஜி, அவர் மனைவி சைதாலி சாட்டர்ஜி. 1982 ஸ்பெயின்ல ஆரம்பிச்சு 2018 ரஷ்யா வரைக்கும் 10 உலகக் கோப்பைகளை நேர்ல போய் பார்த்தாங்க. ஒண்ணைக்கூட விடல. பெரிய பணக்காரங்க கிடையாது. அவர் கொல்கத்தா துறைமுகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பென்ஷன், அந்தம்மா பண்ண சின்ன அளவு புடவை வியாபாரம், இதுலேர்ந்து நாலு வருஷம் சேர்க்கிறது, போறது, திரும்பி வந்து அடுத்ததுக்குச் சேர்க்க ஆரம்பிக்கிறது. ரஷ்யாவுக்குப் போகும்போது அவருக்கு எண்பது வயசு தாண்டியாச்சு.

இதுல நாம எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. எங்க, எப்பன்னு பல வருஷம் முன்னாடியே தெரியும். 2030 ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ (முதல் மூணு மேட்ச் மட்டும் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேல). 2034 சவூதி அரேபியா. நடுவுல 2028 யூரோ, பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும். இவ்வளவு முன்னாடி தேதி சொல்லிட்டு வர்ற செலவு நம்ம வாழ்க்கையில வேற எது? போர் வத்துறதும் ஆஸ்பத்திரிச் செலவும் சொல்லிட்டா வருது? சொல்லிட்டு வர்ற செலவுக்கு லோன் வாங்கறது, தீபாவளி திடீர்னு வந்துடுச்சுன்னு கடன் வாங்கற மாதிரி.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லணும், கேட்டப்ப சிரிச்சுட்டேன். 2022-ல கொச்சிப் பக்கம் முண்டக்காமுகள்ங்கிற இடத்துல 17 நண்பர்கள் சேர்ந்து உலகக் கோப்பையை ஒண்ணா உட்கார்ந்து பார்க்கணும்னு 23 லட்சத்துக்கு ஒரு வீடே வாங்கினாங்க! ஆளுக்கு 1.35 லட்சம் வரும். கிட்டத்தட்ட என் ட்ரிப் செலவு. அவங்ககிட்ட இன்னிக்கு ஒரு வீடு இருக்கு. என்கிட்ட ஒரு ஜெர்சி இருக்கு, அதுவும் சாயம் போயிடுச்சு.

சரி, எங்க சேர்க்கிறது?

"எஸ்ஐபில போட்டா இன்னும் வேகமா வளருமே அண்ணே?" வழக்கமான கேள்வி. பத்து வருஷம் தள்ளி உள்ள இலக்குன்னா நானே சரின்னு சொல்லுவேன். மூணு நாலு வருஷத்துல தேதி குறிச்ச செலவுக்கு ஈக்விட்டி வேண்டாம். 2020 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள நிஃப்டி சுமார் 38 சதவீதம் விழுந்தது ஞாபகம் இருக்கா? அந்த வருஷ ஜூன்ல யூரோ நடக்க வேண்டியது. கொரோனாவால ஒரு வருஷம் தள்ளிப்போச்சு, அது வேற கதை. தள்ளிப்போகாம இருந்திருந்தா, ஷேர்ல சேர்த்தவன் நிலைமையை யோசிங்க. மார்க்கெட் ஏறட்டும்னு நீங்க காத்திருக்கலாம், ரெஃப்ரி உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

ஆர்டின்னதும் தபால் ஆபீஸ் ஞாபகம் வரும். எங்க வீட்டுலயும் அதுதான் பழக்கம். அங்க இப்ப 6.7 சதவீதம், நல்ல வட்டிதான். ஆனா அது 5 வருஷத் திட்டம். 3 வருஷம் முடிஞ்சதும் மூடலாம், ஆனா அப்ப சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கொடுப்பாங்க. அதனால மூணு வருஷம், நாலு வருஷம்னு உங்க மேட்ச் தேதிக்கு ஏத்த மாதிரி முடியுற பேங்க் ஆர்டியைப் போடுங்க. மேட்சுக்கு ஆறு மாசம் முன்னாடியே முடியுற மாதிரி வைங்க. ஃப்ளைட், விசா எல்லாம் முன்கூட்டியே காசு கேக்கும்.

இலக்கை டாலர்ல யோசிங்க, ரூபாய்ல இல்லை. 2018 உலகக் கோப்பை நேரத்துல ஒரு டாலர் 68 ரூபாய் பக்கம். நான் கத்தார் போனப்ப 82 பக்கம். 2025 டிசம்பர்ல 90-ஐத் தாண்டிடுச்சு. நீங்க சேர்க்கச் சேர்க்க விலைப்பட்டியலும் ஓடிக்கிட்டே இருக்கும். நான் வருஷத்துக்கு 4 சதவீதம் கூட வச்சுத்தான் கணக்குப் போடுவேன்.

2030-க்கு ஸ்பெயின் போகணும்னு ஒருத்தர் இந்த ஜனவரியில ஆரம்பிக்கிறார்னு வைங்க. இன்னிக்கு 3 லட்சம் ஆகும்னு என் உத்தேசம். நாலு வருஷத்துக்கு மேல தள்ளிப் பார்த்தா 3.5 லட்சம். 53 மாசம், 6.5 சதவீதம், மாசம் 5,700 போடணும். 35,000 சம்பளத்துல இது கனமான தொகை. பொய் சொல்ல விரும்பல. போனஸைத் தனியா இதுல போட்டாத்தான் தாங்கும். இல்லைன்னா ஐரோப்பாவை விட்டுட்டு வளைகுடாவுல நடக்கிற போட்டியைக் குறி வைங்க. தூரம் கம்மி, ஃப்ளைட் கம்மி, நம்ம ஆளுங்க ரூம் இருக்கு. (வீட்டுல சொல்லிட்டுப் போங்க!)

இந்த ஆர்டிக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா ஒதுக்கி வைக்கணும். அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கணும். இது ரெண்டும் இல்லாம மேட்ச் ஆர்டி ஆரம்பிச்சா, முதல் அவசரத்துலயே அதை உடைப்பீங்க. கிராமத்துல தோட்டம் இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க எமர்ஜென்சி ஃபண்டை இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க. மோட்டார் எரியுறதும் போர் வத்துறதும் சொல்லிட்டு வராது.

2026-க்கு இப்பவே போகலாமான்னு கேக்குறவங்களுக்கு

சேமிப்பு கையில இருந்தா யோசிக்கலாம். லோன்னா வேண்டாம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணு நாட்டுல 16 நகரம், 104 மேட்ச். உங்க டீம் ஒரு மேட்ச் ஒரு ஊர்ல ஆடும், அடுத்தது இன்னொரு ஊர்ல. தோஹாவுல மெட்ரோ ஏறின மாதிரி இங்க முடியாது, உள்ளூர் ஃப்ளைட் பிடிக்கணும். அமெரிக்க விசா கட்டணம் 185 டாலர், நம்ம காசுல 16,000-க்கு மேல, விசா மறுத்தாலும் திரும்ப வராது. ஃபிஃபாகிட்ட நேரடியா டிக்கெட் வாங்கினவங்களுக்கு நேர்காணல் தேதியில முன்னுரிமைன்னு ஒரு ஏற்பாடு வந்திருக்கு. அது தேதிக்குத்தான், விசாவுக்கு உத்தரவாதம் இல்லை. டிக்கெட்டையும் வாங்கிட்டு விசாவும் கிடைக்கலைன்னா ரெண்டு பக்கமும் அடி. இதுல கேரளாவுக்கே அர்ஜென்டினா வருதுன்னு நம்பி 2025 நவம்பருக்குக் காத்திருந்த நம்ம பயலுகளும் உண்டு. அவங்க வரவே இல்லை. அந்தக் கோவத்துல அமெரிக்கா டிக்கெட் போட்டுடாதீங்க.

க்ளப் ரசிகர்களுக்கு

மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல்னு இருக்கிறவங்களுக்கு உலகக் கோப்பை மாதிரி நாலு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனா ரெண்டு பொறி இருக்கு.

ஒண்ணு, பிரீமியர் லீக் அட்டவணை. ஜூன்ல வெளியாகும் தேதியை நம்பி ரீஃபண்ட் இல்லாத ஃப்ளைட் போடாதீங்க. டிவி ஒளிபரப்புக்காக மேட்சை மாத்துவாங்க. சனிக்கிழமை மேட்ச் திங்கட்கிழமை ராத்திரிக்குப் போகும், நீங்க ஞாயித்துக்கிழமை ஊர் திரும்பற ஃப்ளைட்ல இருப்பீங்க. டிவி தேதி உறுதியான பிறகு போடுங்க, ரெண்டு பக்கமும் ஒரு நாள் கூடுதலா வச்சு.

ரெண்டு, டிக்கெட். க்ளப் மெம்பர்ஷிப் எடுத்து, குலுக்கல்ல விழுந்து வாங்கறதுதான் நேர் வழி. இங்கிலாந்துல ஃபுட்பால் டிக்கெட்டை அனுமதி இல்லாம மறுவிற்பனை செய்யறது 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். "ப்ரோ, கன்ஃபர்ம் டிக்கெட் இருக்கு, ஜிபே பண்ணுங்க"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல வர்றவங்களை நம்பி இங்கிருந்து காசு அனுப்பினா, அது கேட்ல வேலை செய்யலைன்னா, யார்கிட்ட போய் கேப்பீங்க?

பிரிட்டன் விசிட்டர் விசா 2025 ஏப்ரல் நிலவரப்படி 127 பவுண்டு. ஷெங்கன் 2024 ஜூன்லேர்ந்து 90 யூரோ, கூடவே குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் கவர் உள்ள டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். ரெண்டுக்குமே பேங்க் ஸ்டேட்மென்ட் பார்ப்பாங்க. மாசம் 30,000 சம்பளம் வர்ற கணக்குல விசாவுக்கு முந்தின வாரம் திடீர்னு மூணு லட்சம் வந்து விழுந்தா, எங்கிருந்து வந்ததுன்னு கேள்வி வரும். லோன் காசு இப்படித்தான் காட்டிக் கொடுக்கும். மூணு வருஷம் மாசாமாசம் போன ஆர்டி, சம்பள சிலிப், ஐடிஆர், ஆபீஸ்ல கொடுத்த லீவ் லெட்டர், இதுங்க பேசுற மாதிரி எந்த ஏஜென்ட்டும் பேச மாட்டார். பாஸ்போர்ட் இல்லாதவங்க முதல்ல அதை எடுங்க. 1,500 ரூபாய்தான், நம்ம தேனி மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் ஆபீஸுக்குக் கீழ வருது.

வரியும் கார்டும்

டூர் பேக்கேஜா எடுத்தா டிசிஎஸ்னு ஒண்ணு பிடிப்பாங்க. 2025 ஏப்ரல்ல வந்த விதிப்படி 10 லட்சம் வரை 5 சதவீதம், அதுக்கு மேல 20-ன்னு இருந்தது. அந்த விகிதத்துல மூணு லட்சம் பேக்கேஜ்னா 15,000 முதல்லயே போயிடும். இது கூடுதல் வரி இல்லை, உங்க கணக்குல முன்பணமா நிக்கும், ஐடிஆர் போடும்போது கழிச்சுக்கலாம், ரீஃபண்டும் வாங்கலாம். நிறையப் பேர் இதைக் கேக்காமலேயே விட்டுடறாங்க. சம்பளக்காரங்களுக்கு இன்னொரு வசதி 2024 அக்டோபர்ல வந்தது: இந்த டிசிஎஸ் விவரத்தை ஆபீஸ்ல கொடுத்தா, சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ஸைக் குறைச்சுக்குவாங்க. ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். பேக்கேஜ் இல்லாம ஃப்ளைட், ரூம் எல்லாம் நீங்களே தனித்தனியா போட்டா இந்தப் பேக்கேஜ் டிசிஎஸ் வராது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இதை மாத்துறாங்க, போறதுக்கு முன்னாடி அப்ப உள்ள விகிதத்தைப் பார்த்துக்கோங்க.

கார்டு விஷயம் சின்னதுதான், ஆனா காசு கசியும். பல கிரெடிட் கார்டுகள்ல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீத மார்க்அப், அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி. நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்க்கு மேல. மார்க்அப் இல்லாத கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ எடுத்துக்கோங்க. அங்க கடையில மெஷின் "ரூபாய்ல கட்டறீங்களா, உள்ளூர் கரன்சியிலயா?"ன்னு கேட்டா, எப்பவும் உள்ளூர் கரன்சி. ரூபாய்னு அழுத்தினா அவங்க வைக்கிறதுதான் ரேட். என் ஜெர்சியில அப்படித்தான் ஏமாந்தேன்.

நான் இப்ப என்ன பண்றேன்

இஎம்ஐ முடிஞ்ச மாசத்துலேர்ந்து அந்த 5,274-ஐ விடல. பழகின காசு, கையில நின்னா ஸ்விக்கில போயிடும். கொஞ்சம் சேர்த்து மாசம் 6,000 தனிக் கணக்குக்குப் போகுது, அதுக்கு "செயின்"னு பேர் வச்சிருக்கேன். அம்மாவோட மூணு பவுன் இன்னும் அடகுலதான் இருக்கு. இந்த வருஷ போனஸ்ல பெரும்பகுதி அசலுக்குப் போகும், மீதி மாசாமாசம். அடுத்த பொங்கலுக்குள்ள மீட்டுடலாம்னு கணக்கு சொல்லுது. மாமாவோட அறுபதாயிரத்தை ஏற்கனவே கொடுத்தாச்சு.

அதுக்கு அப்புறம்தான் ஃபுட்பால் ஆர்டி. அது 2027-ல ஆரம்பிக்கும், அதனால 2030 ஸ்பெயின் எனக்கு எட்டாது, 2034 சவூதிதான். இந்த ஜூன்ல ராத்திரி முழிச்சு டிவியில பார்ப்பேன். அப்பாவும் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். ஆஃப்சைடுன்னா என்னன்னு ரெண்டு தடவை கேட்டுட்டார், எனக்கு இன்னும் விளக்க வரல.

36 மாசம், 48 மாசம், 53 மாசக் கணக்கை உங்க சம்பளத்துக்குப் போட்டுப் பார்க்க ஒரு எக்செல் ஷீட் பண்ணியிருக்கேன். அடுத்த வீடியோவுல அதைத் திறந்து வச்சு ஒவ்வொரு வரியா சொல்றேன்.